வெசிலாஹ்தியில் விசாரித்தது

பின்லாந்தில் எனக்கு ஒரு காக்கா குருவியைக்கூடத் தெரியாது. இதைப் போன மாசி மாதம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. அந்த நாட்டில் எனக்கு ஆளில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு எதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டி வந்தது என்று யோசித்தால், அதெல்லாம் ஒரு வெட்கமா என்று என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் றோசலின். யாழ்ப்பாணம், குருநகர். மொன்றியலுக்கு வந்து முப்பது வருடம். சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் பங்கில் யாருக்காவது வெளிநாட்டிலிருந்து கலியாணப் பேச்சு வந்தால், அடுத்த நாளே என்னைத் தேடி வருவார்கள். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ என்பார்கள். ஒஸ்லோவில் சித்தப்பாவின் மகன் அன்டன் இருக்கிறான். டென்மார்க்கில் ஒன்றுவிட்ட தங்கை. பாரிசில் மாமா பிள்ளைகள். சுவிசில் என்னோடு படித்தவர்கள். லண்டனைக் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளை எங்கே இருந்தாலும் நாலு போன் எடுத்தால் போதும், அவன் எந்தக் கடையில் மீன் வாங்குகிறான் என்பதுவரை எனக்கு வந்துவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் டென்மார்க் மாப்பிள்ளை ஒருவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதென்று கண்டுபிடித்தவள் நான்தான். அழைப்பிதழ் அடித்த பிறகு அந்தக் கலியாணம் நின்றது. பெண்ணின் தாய் பூசை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை முழுச் சனமும் பார்த்தது. அன்றிலிருந்து பங்கில் என் சொல்லுக்குத் தனி மதிப்பு. என் மனிசன் அருமைநாதன் மட்டும் என்னை ஏதோ அரசாங்க அலுவலகம் மாதிரி 'விசாரணைக் கந்தோர்' என்று பகிடி பண்ணுவார். பண்ணட்டும், அவருக்கு வேறு என்ன வேலை.

ஜெயமதி என்னோடு ஒரே வரிசையில் நின்று பெட்டி அடைக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் பிரஷாந்தினி. லவாலில் ஒரு கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை அவளுக்கு. வயது முப்பத்திநாலு. வந்த பேச்செல்லாம் ஏதாவது ஒரு சாட்டில் தட்டிக்கொண்டு போனதால் தாய்க்காரிக்கு நித்திரை இல்லை. மாசி மாதம் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஜெயமதி தன் போனை என் முன்னால் வைத்தாள். அதில் ஒரு மாப்பிள்ளைக் குறிப்பு. பெயர் வசீகரன். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் மன்னார். தகப்பன் இல்லை, தாய் அல்போன்சம்மா. தொழில், முனிசிப்பல் உத்தியோகம். வசிப்பிடம், வெசிலாஹ்தி, தம்பெரே நகருக்கு அருகில், பின்லாந்து.

மன்னாரில் இருக்கிற ஒரு பங்குச் சுவாமியார் மூலம் வந்த பேச்சு. பிள்ளைகள் இரண்டு பேரும் நாலு மாதமாகப் போனில் கதைக்கிறார்களாம். மகளுக்கு நல்ல விருப்பமாம்.

"எனக்குத்தான் பயமாக் கிடக்கு அக்கா. உங்கட வாயால ஒரு சொல்லு வந்தா நான் ஓமெண்டிடுவன்" என்றாள் ஜெயமதி.

நான் சோற்றை விழுங்கிவிட்டு, பின்லாந்தோ, அதுக்கென்ன, அங்கேயும் எனக்கு ஆள் இருக்கு என்று சொன்னேன். சொல்லும்போது கண்கூடச் சிமிட்டவில்லை.

அன்று பின்னேரம் ஒஸ்லோவுக்கு எடுத்தேன். அன்டன் விழுந்து விழுந்து சிரித்தான். நோர்வேக்கும் பின்லாந்துக்கும் இடையில் முழுச் சுவீடனும் கிடக்கிறது, காரில் போனால் ஒரு நாள் ஓடவேண்டும், அங்கே தனக்கு ஒருத்தரையும் தெரியாது என்றான். அந்தப் பொடியனுக்கே எடுத்துக் கதைக்கலாமே அக்கா என்று எனக்குப் புத்தியும் சொன்னான். மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதா, உனக்கென்ன விசரா என்று பேசிவிட்டுப் போனை வைத்தேன். வேறு மூன்று நாலு பேருக்கும் எடுத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. பின்லாந்து என்றவுடன் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் மகனின் பழைய கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஊரைப் படத்தில் தேடினேன். எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டவேண்டிய பெயர். மேலேயிருந்து எடுத்த படத்தில் காடு, வயல், கோணல்மாணலாக ஒரு பெரிய ஏரி. அந்த வயல்களுக்கு நடுவே நூல் மாதிரி ஒரு றோட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்பு வீடுகள், ஒரு மரக் கோயில், ஒரு கடை. றோட்டில் ஒரு உழவு இயந்திரம் நின்றது. மனிதர் ஒருத்தரும் இல்லை. முழு ஊருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் சனம்தான் என்று வேறொரு பக்கத்தில் இருந்தது. மொன்றியல் சென்ட் மிஷேலில் நாங்கள் இருக்கிற நாலு தெருவிலேயே அவ்வளவு பேர் இருப்பார்கள்.

அருமைநாதன் தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்து, வடிவான இடமாக் கிடக்கு என்றார். அந்த வடிவை வைத்து நாக்கு வழிக்கிறதா என்று அவர்மேல் பாய்ந்தேன். எனக்குள் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நகருக்கு அருகிலாம், முனிசிப்பல் உத்தியோகமாம். நானும் என்னவோ பெரிய கட்டிடம், கோட்டுச் சூட்டு என்று நினைத்துவிட்டேன். இது வயலுக்கு நடுவே இருக்கிற ஒரு பிரதேச சபை. பொடியன் அங்கே பனி வழிக்கிறானோ மாட்டுக்குப் புல்லுப் போடுகிறானோ என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த மரக் கோயிலும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் இல்லை, அப்படியென்றால் பூசைக்கும் போகாதவன் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். ஒருவரையும் கேட்காமல் அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அந்தக் கிழமை முழுதும் ஜெயமதி வாயால் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை உடுப்பு மாற்றுகிற அறையில் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். விசாரித்துவிட்டேன் என்றேன். அது நகரமில்லை, காடு, உப்பு முடிந்தாலும் கார் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று சொன்னேன். அதோடு அவள் மனம் விட்டுவிடும் என்று பார்த்தேன். அவளோ, காடென்றால் என்ன அக்கா, நாங்கள் மட்டும் பட்டணத்திலா பிறந்தோம் என்றாள்.

"ஆள் எப்பிடியாம்? அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்த விதத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். விசாரித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டால் ஆயுள் முழுக்க அது நம்முடைய பொறுப்பு. நாளைக்கு அவன் கை நீட்டினாலும், வேலையை விட்டாலும், றோசலின் சொல்லித்தானே கட்டிக்கொடுத்தோம் என்பார்கள். கூடாது என்று சொன்னால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நடக்காத கலியாணத்தை யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"பொடியன் நல்லவன்தானாம். ஆனா குடி கொஞ்சம் கூடவாம். அங்க இருக்கிற எங்கட ஆக்களே சொல்லுகினம்."

ஜெயமதி மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பிறகு, கடவுள்தான் உங்களை எனக்குத் தந்தவர் என்றாள்.

பேச்சு நின்றது. அடுத்த ஞாயிறு ஜெயமதி எனக்கென்று ஒரு தட்டு மட்டன் றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். வெட்கம் கெட்ட நான் அங்கேயே நின்று இரண்டு சாப்பிட்டேன். பிரஷாந்தினி என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லது செய்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி இல்லை என்று வீட்டில் வந்து புறுபுறுத்தேன். வேறு இரண்டு பேர் என்னிடம், அந்தப் பின்லாந்துப் பொடியன் குடிகாரனாமே என்று கேட்டார்கள். ஓம் என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே அவன் குடிகாரன் ஆகிவிட்டான். முகத்தைக்கூட ஒருமாதிரி வீங்கின முகமாக நினைத்து வைத்திருந்தேன்.

வைகாசி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, அருமைநாதன் கடைக்குப் போயிருந்த நேரம், பிரஷாந்தினி எங்கள் வீட்டு மணியை அடித்தாள். இருக்கச் சொன்னேன். இருந்தாள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"அன்ரி, எனக்கு ஒரு நம்பர் வேணும். வசீகரனைப் பற்றி நீங்கள் விசாரிச்ச ஆளின்ர நம்பர்."

அது முடிந்த கதைதானே பிள்ளை என்றேன். முடியவில்லை என்றாள். தாய் வேண்டாம் என்றாலும் அவள் அவனோடு கதைப்பதை விடவில்லையாம். ஊரார் உன்னைக் குடிகாரன் என்கிறார்களே என்று அவனிடமே கேட்டாளாம். அவன் முதலில் சிரித்துவிட்டு, யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டானாம்.

"அந்த ஊரில தமிழ் ஆக்கள் ஆருமில்லை அன்ரி. அவர் ஒராள்தான். ஏழு வருசமா அவர் ஒராள்தான். அப்ப உங்களுக்குச் சொன்ன எங்கட ஆக்கள் ஆர்?"

நாலாயிரம் சனம் என்று படித்தேனே தவிர, அதில் தமிழர் எத்தனை பேர் என்று என் மண்டைக்குள் வரவில்லை. எங்கள் ஆட்கள் இல்லாத ஒரு ஊர் உலகத்தில் இருக்கும் என்றே நான் நினைக்கவில்லை.

பிடிபட்டவள் என்ன செய்வாள்? கத்தினேன். என்னைப் பொய்க்காரி என்று சொல்ல வந்தாயா, உன் தாய் என் கையைப் பிடித்துக் கேட்டதால்தானே நான் மினக்கெட்டேன், உனக்கு வயதுக்கேற்ற மரியாதை தெரியாதா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கார்டரியில் அடம் பிடிக்கிற பிள்ளை ஓயும்வரை இருந்து பழகினவள்தானே. நான் ஓய்ந்ததும், அப்ப ஆர் சொன்னது அன்ரி என்று அதே குரலில் கேட்டாள்.

ஒரு வெள்ளைக்காரர், அன்டனுக்குத் தெரிந்தவர் என்றேன்.

"சரி. அவற்ற நம்பரைத் தாங்கோ. நான் கொஞ்சம் அந்தப் பாஷை படிச்சிருக்கிறன். நானே கதைக்கிறன்."

தேடி எடுக்கவேண்டும், பேந்து தருகிறேன் என்று இழுத்தேன். அவள் உடனே எழும்பிப் போயிருந்தால்கூட நான் இன்னும் இரண்டு பொய்யைச் சேர்த்து எப்படியாவது தப்பியிருப்பேன். அவள் போகவில்லை. தனக்கு ஏன் அந்த நம்பர் வேண்டும் என்று ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாள்.

வசீகரன் பனி வழிக்கவில்லை, மாட்டுக்குப் புல்லுப் போடவும் இல்லை. அந்த முனிசிப்பாலிட்டி நடத்துகிற கார்டரியில் பிள்ளைகளைப் பார்க்கிறான். பிரஷாந்தினி லவாலில் செய்கிற அதே வேலை. பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுவது, சாப்பாடு தீத்துவது, மழையென்றாலும் வெளியே கூட்டிக்கொண்டு போவது. இத்தனை மாதமும் அவர்கள் கதைத்ததில் பாதி அதுதானாம். பூசைக்கு ஞாயிறுதோறும் தம்பெரேக்குக் கார் ஓடிப் போகிறானாம்.

என் சொல் ஜெயமதியிடமிருந்து மன்னார்ச் சுவாமியாருக்கும், சுவாமியாரிடமிருந்து அல்போன்சம்மாவுக்கும் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மனுசி உடனே நம்பிவிட்டார். அவருடைய புருஷன் குடித்துத்தான் செத்தவர்.

"எங்கட அம்மாவை நான் ஒரு மாதிரிச் சமாளிப்பன் அன்ரி. இப்ப மறிக்கிறது அவற்ற அம்மா. குடிகாரனோட நான் பட்டது காணும், இன்னொருத்தி பெத்த பிள்ளையை அந்த நரகத்தில தள்ளமாட்டன் எண்டு ஒரே பிடி. உங்களுக்குச் சொன்ன ஆளே அவவுக்கு உண்மையைச் சொன்னாத்தான் நம்புவா."

இன்னும் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அல்போன்சம்மா ஒவ்வொரு நாளும் இரவானதும் மகனுக்கு வீடியோவில் எடுக்கிறாராம். கண்ணைக் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்க்கிறாராம். பிறகு அருள் நிறைந்த மரியே என்கிற மங்களவார்த்தை செபத்தை மூன்று தரம் சொல்லச் சொல்கிறாராம், நாக்குக் குழறுகிறதா என்று பார்க்க. அங்கே அது வேலை முடிகிற நேரம். தாய் தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிற்பார்கள். குட்டிச் சப்பாத்துகள் அடுக்கியிருக்கிற அறை மூலையில் முப்பத்தாறு வயது ஆம்பிளை போனுக்கு முன்னால் நின்று செபம் சொல்கிறான். எடுக்காவிட்டால் தாய் குடித்துவிட்டான் என்று விடிய விடிய அழுவாராம்.

"அது சின்ன ஊர் அன்ரி. என்ன செய்யிறாய் எண்டு கேட்டா அவர் என்ன சொல்லுவார்?"

நாளைக்குக் கோயிலுக்கு அந்த நம்பரைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மாதாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்டனுக்குப் போன் எடுத்தேன். யாராவது கேட்டால் உன்னுடைய வெள்ளைக்காரச் சிநேகிதன் ஒருவன் சொன்னதாகச் சொல் என்று கெஞ்சினேன். முப்பது வருடத்தில் அவன் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்கள், எனக்குத் தெரியாதெண்டு நான் சொன்னனான். ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்" என்று வைத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தால் அருமைநாதன் கடைப் பையோடு நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். பகிடி பண்ணுவார் என்று பார்த்தேன். பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் ஏறி விழுந்திருக்கலாம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, குடியெண்டதும் நீரே இட்டுக்கட்டிச் சொன்னதோ என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் மீனைக் கழுவப் போனார். இரவுச் சாப்பாட்டின்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு ஒன்பது மணிப் பூசையில் நற்கருணைக்கு எல்லாரும் எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் வருத்தமா அக்கா என்று கேட்டாள். ஓம் என்றேன், அது பொய்யில்லை. பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் கோப்பி குடிக்கிற நேரம், மேலங்கிகள் தொங்குகிற மூலைக்கு ஜெயமதியையும் மகளையும் கூப்பிட்டேன். தொடங்கும்போது அன்டனில் தொடங்கினேன். பிறகு படத்தில் பார்த்த காடு, உழவு இயந்திரம் என்று போனேன். எனக்கு நல்ல எண்ணம்தான் என்றேன். பிரஷாந்தினி என் கையைத் தொட்டாள்.

"அன்ரி, சுத்தாதேங்கோ."

சுற்றாமல் சொன்னேன். பின்லாந்தில் எனக்கு ஆளில்லை. ஒருத்தரையும் விசாரிக்கவில்லை. குடி என்றது என் வாயில் வந்த பொய். மூன்றே வசனம்தான். அதைச் சொல்வதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஜெயமதி கோப்பிக் கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அந்த டென்மார்க் பொடியன்? அதும் இப்பிடித்தானோ?"

அது உண்மை, மாதாவாணை உண்மை என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக நான் நிமிர்ந்து நடந்ததே அந்த ஒரு உண்மையால்தான். அதையும் என் கையாலேயே பொய்யாக்கிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பிரஷாந்தினி அழவில்லை. எங்களுக்குச் சொன்னது காணாது, அவருடைய அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்றாள். இப்போதேயா என்றேன். இப்போது மன்னாரில் இரவு எட்டு மணியாகப் போகிறது, இன்னும் கொஞ்சத்தில் அவர் மகனுக்கு எடுத்துவிடுவார், அதற்கு முதல் சொல்லுங்கள் என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தன் காரில் இருத்தினாள். நம்பரை என் போனில் அவளே அழுத்தினாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"நான் பக்கத்தில இருந்தா நீங்கள் எனக்குக் கேக்கத்தான் கதைப்பீங்கள். நான் வெளியில நிக்கிறன்."

மணி அடித்தது. ஆரது என்று ஒரு வயதான குரல். கனடாவிலிருந்து றோசலின் கதைக்கிறேன், உங்கள் மகனைப் பற்றி விசாரித்துச் சொன்ன ஆள் நான்தான் என்றேன். மண்ணள்ளித் தூற்றுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தங்கச்சி, நீங்களோ" என்றார் அல்போன்சம்மா. "உங்கட பேரைச் சொல்லித்தான் நான் நாளாந்தம் செபமாலை சொல்லுறன். பெத்த எனக்குத் தெரியாததை எங்கயோ இருக்கிற நீங்கள் கண்டு சொன்னியள். இல்லாட்டி அவனும் தேப்பனைப் போலப் போயிருப்பான். இப்ப மூண்டு மாசமா நாக்குக் குழறேல்லை தங்கச்சி. அவன் தப்பீட்டான். கடவுள் உங்களைக் கைவிடமாட்டார்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு வழி திறந்தது. நான் செய்ததை மட்டுமல்ல, செய்ய நினைத்ததையும் இங்கே ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஓம் அம்மா, நான் திரும்பவும் விசாரித்தேன், இப்போது அவன் முற்றாக விட்டுவிட்டான், இனித் துணிந்து கலியாணம் பேசலாம் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவருக்குச் சந்தோசம், பிரஷாந்தினிக்குக் கலியாணம், என் பெயரும் மன்னாரில் சாகும்வரை செபமாலையில் இருக்கும். வசனம் முழுதாக வாய்க்குள் வந்து நின்றது. கண்ணாடிக்கு வெளியே பிரஷாந்தினி முதுகைக் காட்டிக்கொண்டு, குளிருக்குக் கையைக் கட்டியபடி நின்றாள். அவள் கேட்கவே மாட்டாள்.

அந்தப் பொடியன் மட்டும் ஆயுள் முழுக்கத் திருந்தின குடிகாரன். குடிக்காமலே திருந்தினவன். தாய் கண்ணை மூடும்வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் அந்த அறை மூலையில் நிற்பான்.

"அம்மா, உங்கட பிள்ளை குடிக்கிறேல்லை" என்றேன். "ஒருநாளும் குடிக்கேல்லை. நான் ஒருத்தரையும் விசாரிக்கேல்லை. நானாச் சொன்ன பொய்யம்மா அது."

போனுக்குள் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. நான் திரும்ப ஒருமுறை சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கடினமாக இருந்தது.

"அவன் சொன்னவன்" என்றார் கடைசியில். குரல் என்னோடு கதைக்கிற மாதிரி இல்லை. "முதல் நாளே சொன்னவன், அம்மா நான் தொடுறேல்லையெண்டு. நான்தான் நம்பேல்லை. ஆரோ ஒருத்தியை நம்பினன்."

என்னைத் திட்டவில்லை. ஏன் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை. போனை எதிலோ வைத்த சத்தம் கேட்டது, வெட்டவில்லை. அவரிடம் இரண்டு போன் இருந்திருக்கவேண்டும், மகன் வாங்கிக் கொடுத்த வீடியோப் போன் வேறு. அதில் அவர் மகனுக்கு எடுத்தார், மணியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு ஆம்பிளைக் குரல், சின்னதாக, களைத்த குரலாக. அம்மா என்றுகூட அவன் கூப்பிடவில்லை. எடுத்த கையோடு, யாரும் கேட்காமலே, அருள் நிறைந்த மரியே என்று சொல்லத் தொடங்கினான். தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, பிழை விடாமல் சொன்னான்.

"வேண்டாம் மோனை" என்றார் அல்போன்சம்மா. "வேண்டாம், நிப்பாட்டு. அம்மாவை மன்னிச்சுக்கொள்."

அவன் என்னம்மா, என்னம்மா என்று பதறினான். அவர் மன்னிச்சுக்கொள் மோனை என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதார். அந்த மன்னிப்பைக் கேட்கவேண்டிய வாய் என்னுடையது. போனை வெட்டியிருக்கவேண்டும், தாயும் மகனும் கதைப்பதை ஒட்டுக் கேட்க எனக்கு என்ன உரிமை. வெட்டாமல் காதோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். பிரஷாந்தினி திரும்பி வந்து கண்ணாடியில் தட்டும்வரை அப்படியே இருந்தேன்.